பாயின் அகலம்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு தலையணை இருக்கிறது. திண்டைப் போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் விளக்கம். பெயர்க் காரணங்கள் பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவை. என்றாலும் மலைக்கோட்டைப் பாறையை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு பெரிய மொட்டைக் கல்லில் தலைவைத்துப் படுக்கும் சாமானைக் கண்டுகொண்ட அந்த முதல் ஆள் எப்பேர்ப்பட்ட அலுப்பில் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். வெகுதூரம் நடந்து வந்தவனாகத்தான் இருக்கவேண்டும். வீட்டில் இருக்கிறவனுக்குக் கல் கல்லாகத்தான் தெரியும்.

இந்தக் கட்டுரையின் விஷயம் படுக்கை. இன்னும் குறிப்பாகச் சொன்னால், முதுகில் மூட்டையோடு நடக்கிறவன் இரவில் விரித்துக்கொள்ளும் படுக்கை. இதற்கு இந்தப் பக்கங்களில் இடம் உண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருத்தல், அந்நியமாதல் என்ற சொற்களை நாம் பக்கம் பக்கமாகப் புழங்கியிருக்கிறோம். ஒரு மனிதன் தனக்கும் தரைக்கும் நடுவே எதை வைத்துக்கொள்கிறான், அதில் பக்கத்தில் இருப்பவனுக்கு இடம் உண்டா என்ற கேள்வி அந்தச் சொற்களிலிருந்து வெகு தூரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். தவிர, எனக்கு இது ஏட்டுப் பிரச்னையாக வரவில்லை. இடுப்பு வலியாக வந்தது.

பன்னிரண்டு வருஷம் வங்கி கவுண்ட்டரில் குனிந்து உட்கார்ந்ததற்குக் கூலியாக என் கீழ் முதுகில் ஒரு தட்டு சற்று நகர்ந்திருக்கிறது. போன வருஷம் தெருக்காரர்களோடு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக ஒப்புக்கொண்டபோது நடையைப் பற்றி எனக்குப் பயமில்லை. சுமார் 60 கிலோமீட்டர்; ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக நிதானமாக நடந்தால் நடுவில் இரண்டு இரவு. பயம் அந்த இரண்டு இரவுகளைப் பற்றித்தான். விரதமிருப்பவர்கள் கட்டில், மெத்தை தொடமாட்டார்கள். கல்யாண மண்டபத்துத் தாழ்வாரம், பூட்டிய கடையின் வாசல், எங்கே சிமெண்டுத் தரை கிடைக்கிறதோ அங்கே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் சிமெண்டில் படுத்தால் மறுநாள் காலை என்னை இரண்டு பேர் தூக்கி நிறுத்தவேண்டும். கொடைக்கானல் மலைகளில் கூடாரம் போட்டுச் சுற்றும் பழக்கமுள்ள ஆபீஸ் நண்பர் ஒருவர், காற்றடைத்த பாய் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். அரைக் கிலோ எடை. மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. ஊதினால் மெத்தை.

அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி அபிப்பிராயம் உருவாக்கிக்கொள்ளக்கூட நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை.

படுக்கைப்பாய் என்பது மெத்தென்று இருப்பதற்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மலையேறுகிறவர்களின் கணக்கில் அது இரண்டாவது வேலை. படுத்திருக்கும் உடம்பின் சூட்டைத் தரை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேலே போர்த்திய கம்பளி தன் இழைகளுக்குள் காற்றைப் பிடித்துவைத்துத்தான் குளிரைத் தடுக்கிறது. கீழே விரித்த கம்பளி உடம்பின் பாரத்தில் நசுங்கிப்போவதால் அதற்குள் காற்று இல்லை. ஆகவே காப்பும் இல்லை. பனியில் படுக்கிறவன் மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழிருந்து விறைத்துப்போவான். நசுங்காத ஒன்றை உடம்புக்கும் பூமிக்கும் நடுவே வைக்கவேண்டும். அதுதான் பாயின் முதல் வேலை. எவ்வளவு நன்றாக அது பூமியை மறிக்கிறது என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த வகையில் அளந்து தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டது. 2018ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ஒன்று பொதுவான சோதனை முறையை வகுத்தது. 2020 முதல் பெரிய கம்பெனிகள் அதன்படி எண்களை வெளியிடுகின்றன. கோடை இரவுக்கு ஒன்றோ இரண்டோ போதும். பனிப்பாறையின் மேல் படுக்க ஐந்துக்கு மேல் வேண்டும்.

வகைகள் மூன்று. முதலாவது, காற்றுக் கண்கள் தனித்தனியே மூடப்பட்ட நுரைப்பாய். முள் குத்தினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு சென்டிமீட்டர் தடிமன். எடை 400 கிராம் வாக்கில். ஆனால் மூட்டைக்கு வெளியே பெரிய உருளையாகத் தொங்கும். இரண்டாவது, உள்ளே திறந்த கண்களுள்ள நுரையும் வெளியே காற்றுப் புகாத துணியும் கொண்டது. அடைப்பைத் திறந்தால் நுரை விரிந்து தானாகவே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரத்தில் இதைச் செய்தவர்கள் போயிங் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தபோது வேலையிழந்த இஞ்சினியர்கள். ஆகாயத்தில் ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் தரையில் படுப்பதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது வேலை போன பிறகுதான். மூன்றாவது, வெறும் காற்றுப்பாய். ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் எழும்பும். உள்ளே காற்று மட்டும் இருந்தால் அது புரண்டு புரண்டு சூட்டைக் கீழே கடத்திவிடும் என்பதால், சிலவற்றில் பஞ்சிழையோ சூட்டைத் திருப்பி அனுப்பும் மினுமினுப்பான தாளோ வைத்திருப்பார்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். ஒரு பையில் காற்றைப் பிடித்து உள்ளே தள்ளுவது உத்தமம்.

துணியின் கனத்தை டெனியரில் சொல்கிறார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். எங்கள் ஊர் மில்களில் வேலை செய்கிறவர்களுக்குக் கவுண்ட்தான் கணக்கு. அதில் எண் ஏற ஏற நூல் மெலியும். டெனியரில் எண் ஏறினால் நூல் தடிக்கும். மில்லில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் பாயின் துணி முப்பது என்று சொன்னபோது, "முப்பதா? அது மோட்டா நூலாச்சே" என்றார். முப்பது டெனியர் நைலான் என்பது புடவைத் தலைப்பைவிட மெல்லியது என்று அவருக்குப் புரியவைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "வேலிகாத்தான் முள்ளுக்கு இது எம்மாத்திரம்?"

கடைசியில் மூன்றாவது வகையைத்தான் வாங்கினேன். 480 கிராம். விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு எங்கள் தெருவில் சைக்கிளில் வரும் பாய்க்காரரிடம் இருபது கோரைப்பாய் வாங்கலாம். பூட்டுக்குப் பேர்போன ஊரில் நான் காற்றுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்திருப்பதாக வீட்டில் பேச்சு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த மூன்று வாரமும் நான் ஒரு பிரத்தியேக தர்க்கத்துக்குள் இருந்தேன். குறைந்த எடையில் அதிக சௌகரியம் என்பது அதன் சூத்திரம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எடை குறைக்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கிராமும் எதிரி. நான் போகவிருந்த பாதையோ இதற்கு நேர்மாறான தர்க்கத்தில் நிற்கிறது. பழனியின் கதையே சுமையின் கதை. அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் கம்பின் இரு முனைகளிலும் கட்டித் தோளில் தூக்கி வருகிறான் இடும்பன். அசதியில் ஓரிடத்தில் இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்க முடியவில்லை. மேலே ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டை, மரணம், உயிர்ப்பு எல்லாம் அதன் பிறகு. காவடி எடுக்கிறவன் அந்தத் தோள்கம்பைத்தான் திரும்ப எடுக்கிறான். சுமக்கத் தேவையில்லாத ஒன்றைச் சுமப்பதுதான் அங்கே பிரார்த்தனை. காவடியின் எடையைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று எந்தக் கம்பெனியாவது பழனி ரோட்டில் கடை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆகவே மலையேறுகிறவனின் தர்க்கம் மேல்நாட்டுப் போகம், யாத்திரைக்காரனின் தர்க்கம் நம்முடைய துறவு என்று கோடு கிழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? அப்படி எழுதுவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை என்பதை எனக்குக் காட்டியது இதே ஜில்லாவில் உள்ள ஒரு குகை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மேட்டுப்பட்டி என்ற ஊரில் சித்தர்மலை என்று ஒரு குன்று இருக்கிறது. குகைத் தரையில் வரிசையாகக் கல் படுக்கைகள். தலைப்பக்கம் கொஞ்சம் மேடாகச் செதுக்கப்பட்டிருக்கிறது, அதுதான் தலையணை. பக்கத்தில் தமிழி எழுத்தில் சின்னச் சின்ன வாசகங்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இப்படிப் பல உண்டு. சமணத் துறவிகளுக்காக ஏற்பட்ட படுக்கைகள் இவை. அங்கே எழுதியிருப்பது தத்துவம் அல்ல. பெரும்பாலும் ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், இன்னார் செய்து கொடுத்தது, இன்னார் உறைவிடம் என்ற தகவல்.

எனக்கு முதுகு நன்றாக இருந்த காலத்தில் அங்கே ஒரு முறை படுத்துப் பார்த்திருக்கிறேன். வழவழவென்று, ஜில்லென்று இருந்தது. எதையும் உடைமையாகக் கொள்ளாத துறவியின் மூட்டை எவ்வளவு எடை இருக்கும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவனைவிட எடை குறைத்த பிரயாணி உலகத்தில் இல்லை. ஆனால் அவன் வெறுங்கையோடு நடந்து வந்து படுப்பதற்கு முன்னால், ஒரு கல்தச்சன் எத்தனையோ நாள் உளி பிடித்திருக்கிறான். ஒரு வியாபாரியோ அதிகாரியோ அதற்குக் கூலி கொடுத்திருக்கிறான். துறவியின் தோளில் இல்லாத பாரம் வேறு இரண்டு பேர் தோளில் ஏறியிருக்கிறது. அவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். கொடுத்தவர்களுக்குப் பெயர் பெரிதாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பெயர்கள் வேறொரு விதத்தில் முக்கியமாகப் படுகின்றன. ஒருவனுடைய இலேசுக்கு யார் பாரம் தாங்கினார்கள் என்ற கணக்கை அந்தக் கல் மறைக்கவில்லை.

எடை எங்கும் தொலைந்துபோவதில்லை, தோள் மாறுகிறது. என் 480 கிராம் பாய்க்கும் இது பொருந்தும். மீதி எடை ஏதோ ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், ஏதோ ஒரு தையல் கூடத்தில், என் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. பாதயாத்திரைக்காரனுக்கும் பொருந்தும். வேட்டி, துண்டு, ஒரு மஞ்சள் பை என்று அவன் இலேசாக நடக்க முடிவது, வழிநெடுக அண்டாவில் சோறு வடித்து வைத்திருப்பவர்களால், தண்ணீர் கொடுப்பவர்களால், கொப்புளம் கண்ட காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்திருப்பவர்களால். செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நத்தம் வழியாக எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் நகரத்தார்களுக்கு வழியெல்லாம் தங்குமிடம் உண்டு. ஆக, எதையும் தூக்காமல் நடப்பது யாராலும் ஆகாது. யார் தூக்குகிறார்கள், அது நடப்பவனுக்குத் தெரிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இந்தத் தெளிவோடு நான் புறப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். நான் புறப்பட்டது ஆர் மதிப்பு, டெனியர், கிராம் ஆகியவற்றோடு மட்டும்தான். மற்றதெல்லாம் திரும்பி வந்த பிறகு யோசித்தது. யோசிக்க வைத்தது ஒட்டன்சத்திரத்து இரவு.

ஒரு மண்டபத்தின் வெளித் தாழ்வாரம். நூறு பேருக்கு மேல் இருப்போம். நல்ல பனி. பெரும்பாலோர் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பிலும் பிளாஸ்டிக் பாயிலும் படுத்திருந்தார்கள். வெறும் துண்டில் படுத்தவர்களும் உண்டு. நான் மூட்டையைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் தரையை உள்ளங்கையால் நாலு தடவை தடவி முள், கல் எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பாயை விரித்து, பையால் காற்றுப் பிடித்து அடைக்க ஆரம்பித்தேன். சுற்றியிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் கிட்டே வந்துவிட்டன. வெட்கத்தில் எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் குருசாமி மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அடுத்தபடி ஒரு வயதான அம்மாள். வேடசந்தூர்ப் பக்கம். மூன்று வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். அவனை ஒரு பழைய சேலை மடிப்பில் போட்டுவிட்டு, தான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாய் எழும்பி நின்றதும் கேட்டாள்:

"ஏஞ் சாமி, இது பாயா, கட்டிலா?"

கிண்டல் எதுவும் இல்லை. விரதக்காரன் கட்டிலில் படுக்கக்கூடாது; பாயில் படுக்கலாம். இந்தச் சாமான் எந்த வகுப்பில் சேரும் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைவிடச் சரியான கேள்வியை அந்த மூன்று வாரத்தில் நான் படித்த எந்த ஒப்பீட்டு அட்டவணையும் கேட்கவில்லை.

"பாய்தான் ஆத்தா. உள்ளே காத்து" என்றேன்.

அவள் கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். "காத்துத்தானா. அப்ப சரி. தரையோட சேத்திதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். என்மேல் இருந்த இரக்கத்தில் சாஸ்திரத்தைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நான் படுத்தேன். மற்றவர்களைவிட நாலு விரற்கடை உயரத்தில் இருந்தேன். பையன் தூங்காமல் என் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் ஊர்ந்து வந்து என் முழங்கால் பக்கம் ஏறப் பார்த்தான். நான் ஒதுங்கி இடம் விட்டேன். ஒதுங்கியபோது என் மறுபக்கத் தோள் தரைக்கு இறங்கிவிட்டது. அவனும் நிற்க முடியாமல் உருண்டு கீழே போனான். மறுபடி ஏறினான். மறுபடி உருண்டான். அந்தப் பாயில் இரண்டு பேர் இருக்க முடியாது. காற்று ஒரு பக்கம் அமுங்கினால் இன்னொரு பக்கம் எழும்பித் தள்ளும். பாட்டி அவனை இழுத்துச் சேலைக்குள் போட்டுக்கொண்டாள். "அது அந்தச் சாமியோட அளவுக்குத் தச்சது, உனக்கு இடமில்ல" என்று அவனிடம் சொன்னாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

அவன் தூங்கிப்போனான். நான் விழித்திருந்தேன். தரை குளிர்ந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குத்தானே அந்த எண்ணைத் தேடி வாங்கினேன். அவர்களுக்குத் தெரிந்தது. பாட்டி இரண்டு முறை எழுந்து, தன் தோளில் இருந்த துண்டையும் எடுத்துப் பையனுக்குக் கீழே செருகினாள்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், வீட்டுக் கோரைப்பாயையும் காற்றுப்பாயையும் அருகருகே விரித்து டேப் வைத்து அளந்தது. கோரைப்பாய் ஆறடி நீளம், மூன்றடி அகலம். எடை 1 கிலோ 300 கிராம். காற்றுப்பாய் 183 சென்டிமீட்டர் நீளம். அதுவும் ஆறடிதான். அகலம் 51 சென்டிமீட்டர். ஒன்றே முக்கால் அடிக்கும் குறைவு. கால்பக்கம் இன்னும் குறுகிப் போகிறது. நீளத்தில் ஒரு விரற்கடை வித்தியாசம் இல்லை. குறைத்ததெல்லாம் அகலத்தில்.

எடையைக் குறைத்த விதம் இதுதான். ஒரு உடம்பு மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதைக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். வெட்டி எறிந்த அந்த ஒன்றேகால் அடியில் கோரைப்பாயில் யார் இருந்தார்கள்? பால் குடிக்கும் குழந்தை இருந்தது. பயந்து எழுந்து வந்த பிள்ளை இருந்தது. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒன்றுவிட்ட சித்தப்பா, பாயின் ஓரத்தில் முதுகை வைத்துத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தார். வந்தவருக்கு ஒரு பாயை எடுத்துப் போடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை. அவர் உட்கார்ந்த பிறகும் அதில் இடமிருக்கும். வீட்டுக்காரரும் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். முசிறி, கரூர்ப் பக்கத்துக் காவிரிக்கரையில் பாய் நெய்கிறவர் மூன்றடியில் தறி போடும்போது இதையெல்லாம் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அகலத்தில் இவ்வளவும் நடந்தது.

தனிமனிதவாதம் என்று நாம் கருத்தாக விவாதிப்பது எப்போதாவதுதான் இவ்வளவு ஸ்தூலமாக, டேப்பில் அளக்கக்கூடியதாகக் கையில் கிடைக்கிறது. 51 சென்டிமீட்டர்.

இந்த இடத்தில் என்னை நானே சந்தேகப்படவேண்டியிருக்கிறது. கோரைப்பாயைப் பற்றிக் கண்கலங்குவதற்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை. மெத்தையில் படுத்துக்கொண்டு பாயைப் பாடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆறு பேர் ஒரு பாயில் படுத்தது பாசத்தால் மட்டுமல்ல. இரண்டாவது பாய் இல்லாததாலும்தான். புதிதாகக் கல்யாணமான மருமகளுக்கு அந்தப் பாயின் எந்த ஓரமும் தன்னுடையதாக இருந்ததில்லை. எல்லோருக்கும் பாயை எடுத்துப் போட்ட பாட்டியின் முதுகு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தவருக்கெல்லாம் பாய் விரித்தார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. யாருக்குப் பாய், யாருக்குத் திண்ணை, யாருக்கு வாசலுக்கு வெளியே மண்தரை என்பதில் நம் கிராமங்கள் வெகு துல்லியமாக இருந்தன. மூன்றடி அகலத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லை டேப்பில் தெரியாது. ஒன்றே முக்கால் அடிப் பாய் எல்லோரையும் சமமாக விலக்குகிறது. கோரைப்பாய் ஆள் பார்த்து விலக்கியது. இதில் எது மேல் என்று சொல்வது நான் நினைத்த அளவு சுலபமாக இல்லை.

என் முதுகும் பொய் இல்லை. அந்தப் பாய் இல்லாவிட்டால் மறுநாள் நான் நடந்திருக்கமாட்டேன். வலிக்கிற உடம்பு தன் வலிக்கு ஒரு பரிகாரம் தேடுவதில் குற்றம் காண்கிற அறம் எனக்கு வேண்டாம். தரையில் படுக்கிறேன் என்று சங்கற்பம் செய்துகொண்டவனுக்கும், படுக்க வேறு இடமில்லாதவனுக்கும் தரை ஒன்றுதான் என்று சொல்வதும் மோசடி. சங்கற்பக்காரனுக்கு மூன்றாம் நாள் கட்டில் காத்திருக்கிறது.

அப்படியானால் எங்கே பிழை? சௌகரியத்தைத் தேடியதில் இல்லை. இலேசாக இருக்கவேண்டும் என்று நினைத்ததிலும் இல்லை. இலேசாக்குவதற்காக எது வெட்டப்பட்டது என்று கேட்காததில் இருக்கிறது. எடை, தடிமன், ஆர் மதிப்பு, விலை என்று நாலு பத்தி போட்டு ஒப்பிட்ட என் அட்டவணையில் அகலம் என்ற பத்தியே இல்லை. 64 சென்டிமீட்டர் அகலத்திலும் அதே பாய் கிடைத்தது. நூறு கிராம் சொச்சம் கூடுதல் என்பதால் அதை நான் பார்க்கக்கூட இல்லை. 64லும் அந்தப் பையனுக்கு இடம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். கேட்டிருந்தால் குறைந்தபட்சம் நுரைப்பாய் ஒன்றைச் சேர்த்து எடுத்துப் போயிருப்பேன். ராத்திரி அதைப் பக்கத்தில் தள்ளியிருக்கலாம்.

சந்தர்ப்பம் வந்துவிட்டதால் நம்மைப் பற்றியும் ஒன்று. எடை குறைப்பதை நாமும் ஒரு இலக்கிய மதிப்பாகக் கொண்டாடியிருக்கிறோம். சொல் குறையவேண்டும், அலங்காரம் உதிரவேண்டும், கவிதை கையடக்கமாக இருக்கவேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன். அதில் எதையும் இப்போது வாபஸ் வாங்கவில்லை. மூட்டை தூக்கிக்கொண்டு நடந்த பழைய செய்யுளிலிருந்து விடுபட நமக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் வெட்டியபோது அலங்காரத்தோடு வேறு யாராவது உருண்டு போனார்களா என்று நாம் திரும்பிப் பார்த்தோமா? நம் பக்கங்களில் வரும் நல்ல கவிதைகள் பலவற்றில் ஒரு ஆள் மல்லாந்து படுக்கத்தான் இடம் இருக்கிறது. கச்சிதம் என்று அதைப் பாராட்டுகிறோம். பக்கத்தில் சேலை மடிப்பில் கிடக்கும் பையன் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை உருண்டிருக்கிறான்.

அந்த இரவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலு மணி வாக்கில் இடுப்பில் சில்லென்று பட்டு விழித்தேன். பாய் இறங்கியிருந்தது. பையன் ஏறி விளையாடியபோது அவன் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளோ, நான் தடவியபோது கைக்குத் தட்டுப்படாத முள்ளோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. காற்று ராத்திரி முழுவதும் மெதுவாகப் போயிருக்கிறது. மூன்று வாரம் படித்தவனும் மற்ற நூறு பேரும் ஒரே சிமெண்டில் கிடந்தோம். அந்த அம்மாள் ஏற்கெனவே எழுந்து சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். தட்டையாகக் கிடந்த பாயைப் பார்த்தாள்.

"காத்து போயிருச்சா சாமி?"

"ஆமா ஆத்தா."

"இப்ப பாயாயிருச்சு" என்றாள். எழுந்து நிற்க எனக்குக் கை கொடுத்தாள். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

துளைக்கு ஒட்டுப் போட்டுவிட்டேன். பாய் இப்போது பரணில் இருக்கிறது. வருகிற தைக்கும் நடப்பதாகச் சொல்லியிருக்கிறேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது, ஆகவே அதையும் எடுத்துப் போவேன். கூடவே ஒரு நுரைப்பாய், 400 கிராம். இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அவற்றின் ஆர் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அந்த அட்டவணைகள் சொல்கின்றன. நான் அருகருகே போடப் போகிறேன்.